எர்த் பின்னை எடுக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடை ஆரம்பித்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. பேஸ் கிட்டார் வாசிப்பது அதற்கும் முன்பிருந்தே. ஞாயிறு காலையில் சர்ச்சில் வாசிப்பேன். மற்ற நாட்களில் கூப்பிட்டால் கல்யாண வரவேற்புக்கும் மாரியம்மன் கோயில் திருவிழா மெல்லிசைக்கும் போவேன்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பில், வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. மகள் எடுத்து வந்து காட்டினாள். மைக்கை எங்கே வைப்பது, எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் கம்பளியை எப்படித் தொங்கவிடுவது என்று நல்ல விஷயங்கள் நிறைய இருந்தன. ஆனால் கடைசியில் ஒரு சின்னக் கட்டம். கிட்டாரையோ பேஸையோ கம்ப்யூட்டரில் பதிவு செய்யும்போது உறுமல் வந்தால், ஸ்பீக்கர் பிளக்கிலோ சார்ஜர் பிளக்கிலோ உள்ள எர்த் பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று அதில் போட்டிருந்தீர்கள். இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்காகத்தான்.

அந்த யோசனை பல நேரம் வேலை செய்யும். அதனால்தான் அது ஆபத்தானது. லேப்டாப் ஒரு சாக்கெட்டில் எர்த்தோடு இருக்கிறது, ஸ்பீக்கர் இன்னொரு சாக்கெட்டில் எர்த்தோடு இருக்கிறது, இரண்டையும் ஆடியோ கேபிள் இணைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் வயரும் கேபிளின் மேலுறையும் சேர்ந்து ஒரு பெரிய வளையம் ஆகிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சின்ன மின்சாரம்தான் ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்கிறது. ஒரு பின்னை எடுத்தால் வளையம் அறுந்து உறுமல் நிற்கும். சரி. ஆனால் நாளைக்கு அந்த ஸ்பீக்கருக்குள் இன்சுலேஷன் கருகி, லைன் வயர் அதன் உடம்பைத் தொட்டால்? எர்த் இருந்தால் அந்த நொடியே பியூஸ் போகும் அல்லது எம்.சி.பி. விழும். பின் இல்லாவிட்டால் எதுவும் விழாது. 230 வோல்ட் ஆடியோ கேபிளின் உறை வழியே இன்டர்பேஸுக்கு, அதாவது பேஸையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பெட்டிக்கு வரும், அங்கிருந்து பேஸுக்கு வரும். பேஸில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு வயர் இருக்கிறது. ஸ்ட்ரிங்குகள் எல்லாம் அந்த வயர் வழியாகக் கேபிளின் உறையோடு சேர்ந்தவை. அப்புறம் ஸ்ட்ரிங்கைப் பிடித்திருக்கும் விரல்தான் பாக்கி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2007இல் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். மேடைத் தரையைச் சாயங்காலம்தான் கழுவி விட்டிருந்தார்கள். செருப்பில்லாமல் நின்றிருந்தேன். கோரஸ் பாட மைக்குக்குக் கிட்டே குனிந்தேன். உதடு மைக்கின் வலையில் பட்ட நொடி, இடது கையிலிருந்து தாடை வரை ஒரு இழுப்பு. விரல்கள் பேஸின் கழுத்தை விடவில்லை. விட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் கை என் பேச்சைக் கேட்கவில்லை. கீபோர்டு வாசித்த நண்பர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஓடிப்போய் மெயினை அணைத்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அதோடு பிழைத்தேன்.

மறுநாள், என் பேஸை மாட்டியிருந்த ஆம்ப்ளிபயரை நானே கடைக்கு எடுத்து வந்து பிரித்தேன். டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் காகிதம் கருகியிருந்தது. கரி வழியாக உடம்புக்கு மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பார்த்தேன். மேலே தடித்திருக்கும் மூன்றாவது பின்னை அறுத்து எடுத்திருந்தார்கள். கேட்டதற்கு, ஹம் வந்தது, எடுத்தோம், நின்றுவிட்டது என்றார்கள். அவ்வளவுதான் காரணம். முழுக் கசிவாக இல்லாமல் பாதிக் கசிவாக இருந்ததால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதே மாதிரி உயிரே போயிருக்கிறது. 1972இல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், ஸ்வான்ஸி நகரத்து மேடையில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், எர்த் சரியாக இல்லாத எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது ஷாக் அடித்து இறந்தார். அவர் இறந்தது மேடையில் இல்லை, அவருடைய வீட்டில்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வாரம் எத்தனை பிள்ளைகள் குறடு தேடினார்களோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. எடுக்காதே என்று சொன்னால் மட்டும் போதாது, உறுமலை வேறு எப்படிக் குறைப்பது என்றும் சொல்லியாக வேண்டும். நான் அதை என் வீட்டில் செய்து பார்த்தவன். அதனால் எழுதுகிறேன்.

2020 ஊரடங்கில் கச்சேரி எல்லாம் நின்றுபோனது. பொள்ளாச்சியில் இருக்கும் கீபோர்டு நண்பர் ஒரு பாட்டை அனுப்பி, பேஸ் மட்டும் வாசித்து அனுப்புங்கள் என்றார். மகள் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய லேப்டாப்பும், பழையதாக வாங்கிய ஒரு யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸும், மாடியில் பத்துக்குப் பத்து அறையும். என் பேஸ், ஜாஸ் பேஸ் என்ற மாடலின் மாதிரியில் செய்தது. ஸ்ட்ரிங் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே காயில். ஹெட்போனை மாட்டியதும் முதலில் கேட்டது பேஸ் இல்லை, இரைச்சல். காதைக் கொடுத்துக் கேட்டால் அதில் மூன்று சத்தம் இருந்தது. அடியில் ம்ம்ம் என்று ஒரு உறுமல். அதன்மேல் வண்டு மாதிரி ர்ர்ர். அதற்கும் மேலே ஊசி போல ஒரு கீச்சு. மகள் மௌஸை நகர்த்தினால் அது மாறும், திரையில் பக்கத்தை உருட்டினால் அது கூடவே உருளும்.

மூன்றும் ஒரே நோய் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மூன்றுக்கும் வழி வேறு வேறு.

முதலில் பிக்கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது என் தொழில்தான். காந்தத்தைச் சுற்றி 0.06 மில்லிமீட்டர் அளவுள்ள எனாமல் செம்புக் கம்பி, ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் சுற்று. போர்வெல் மோட்டாருக்கு நான் சுற்றும் கம்பியை இதற்குப் பக்கத்தில் வைத்தால் கயிறு மாதிரி தெரியும். ஸ்ட்ரிங் அசைந்தால் காந்தப்புலம் அசைகிறது, காயிலில் துளி மின்சாரம் பிறக்கிறது, அதுதான் நம் இசை. ஆனால் காந்தப்புலத்தை அசைப்பது ஸ்ட்ரிங்கா, பக்கத்தில் இருக்கும் சார்ஜரா, சுவருக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பார்மரா என்று காயிலுக்குத் தெரியாது. எது அசைத்தாலும் அது பேசும்.

பேஸ் வாசிப்பவர்களுக்கு நம் நாட்டில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. கிட்டார்காரர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ ஸ்ட்ரிங்கை விரல் வைக்காமல் மீட்டினால் 41.2 ஹெர்ட்ஸ். அதே ஸ்ட்ரிங்கில் மூன்றாவது பிரெட்டில், அதாவது கழுத்தின் மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்தால் ஜி. அது 49 ஹெர்ட்ஸ். ஒரே ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம். அந்த ஜியை நீட்டிப் பிடித்தால், உறுமலும் ஸ்வரமும் ஒன்றோடொன்று மோதி, நொடிக்கு ஒருமுறை சத்தம் ஏறி இறங்கும். திறந்த ஜி ஸ்ட்ரிங் 98. உறுமலின் இரட்டிப்பு 100. அங்கே நொடிக்கு இரண்டு முறை. சர்ச்சில் பாதிப் பாட்டு ஜி மேஜரில்தான் பாடுகிறோம். கம்ப்யூட்டரில் பில்டர் போட்டு 50 ஹெர்ட்ஸை வெட்டலாமே என்பார்கள். வெட்டினால் கீழ் ஜியும் சேர்ந்து போகும். பாட்டின் அடித்தளமே அந்த ஸ்வரம்தான். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். அது ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில் விழுகிறது. அங்கே இருப்பவர்கள் சொல்லும் பில்டர் கணக்கை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. இளையராஜா பாட்டுகளின் பேஸைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்தக் கீழ் ஸ்வரங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் உறுமல் காயிலுக்குள் நுழைவதற்கு முன்பே தடுக்க வேண்டும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. பேஸின் வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்புங்கள். சத்தம் நின்றால் அது காற்று வழியாகப் பிக்கப்புக்குள் வருகிறது. நிற்காவிட்டால் வயர் வழியாக வருகிறது. எனக்கு அப்படிச் செய்தபோது உறுமலும் வண்டும் போய்விட்டன, கீச்சில் பாதி மட்டும் மிஞ்சியது. அதாவது பெரும்பகுதி காற்றில். எர்த் பின்னை எடுத்திருந்தால்கூட எனக்கு அந்த உறுமல் போயிருக்காது.

காற்றில் வரும் உறுமலுக்கு மருந்து தூரம்தான். சார்ஜர், டிரான்ஸ்பார்மர் மாதிரிச் சின்னப் பொருட்களின் காந்தப்புலம் தூரத்தோடு படுவேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்கு. ஓர் அடியிலிருந்து நான்கு அடிக்குப் போனால் கணக்குப்படி அறுபத்து நான்கில் ஒரு பங்கு. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், பேஸை மடியில் வைத்து, மேஜையில் லேப்டாப்புக்கு முட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். மூன்று மீட்டர் யூ.எஸ்.பி. கேபிள் வாங்கி, இன்டர்பேஸை என் பக்கம் இழுத்துக்கொண்டு, நாற்காலியை அறையின் மறுகோடிக்குத் தள்ளினேன். யூ.எஸ்.பி. கேபிளை ஐந்து மீட்டர் வரை நீட்டலாம். பேஸிலிருந்து இன்டர்பேஸுக்கு வரும் கேபிளைத்தான் நீட்டக் கூடாது. பிக்கப்பிலிருந்து வருவது மெல்லிய சிக்னல், அந்தக் கேபிள் நீளமானால் இரைச்சலும் ஏறும், மேல் ஸ்வரங்களும் மழுங்கும். பல வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்: இன்டர்பேஸ் லேப்டாப்புக்கு ஒட்டி, கிட்டார் கேபிள் இருபது அடி.

தூரம் மாற்றிய பிறகும் உறுமல் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. கம்ப்யூட்டரில் சத்த அளவைக் காட்டும் மீட்டரை மகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பேஸோடு நாற்காலியில் மெதுவாகச் சுற்றினேன். ஒரு திசையில் ஊசி இறங்கியது, இன்னும் கொஞ்சம் திரும்பினால் ஏறியது. காயிலின் அச்சு காந்தப்புலத்துக்குக் குறுக்காக வரும் இடத்தில் அது எதையும் எடுக்காது. மோட்டார் வேலை தெரிந்த யாருக்கும் இது புரியும். ஆனால் அந்த அமைதியான திசை லேப்டாப்பை வைத்து நான் எதிர்பார்த்த திசை இல்லை. அப்போதுதான் உறைத்தது: நான் நகர்ந்து போன மூலையின் சுவருக்கு அந்தப் பக்கம், மாடிப்படி அடியில், இன்வெர்ட்டர் இருந்தது. 2012இல் கரண்ட் நாள் முழுக்கப் போய்ப் போய் வந்தபோது வாங்கியது. பேட்டரி சார்ஜ் ஆகும் நேரமெல்லாம் அதன் டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டே இருக்கும். செங்கல் சுவர் காந்தப்புலத்தைத் தடுக்காது. நாற்காலியை எதிர் மூலைக்கு மாற்றினேன். தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். வாசிக்கும்போது முழங்கால் அந்தக் கோட்டின் திசையில் இருக்க வேண்டும். அந்தக் கோட்டை இப்போது பெயின்ட்டாலேயே போட்டுவிட்டேன். மீட்டரின் உச்ச அளவான பூஜ்ஜியத்துக்கு 46 டெசிபல் கீழே இருந்த இரைச்சல் 63 டெசிபல் கீழே போனது. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

வண்டு வேறு கதை. ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைகிறது, விட்டால் கூடுகிறது என்றால் அது வயரிங்கிலிருந்து நம் உடம்பு வாங்கித் தரும் இரைச்சல். உடம்பு ஆன்டெனா ஆகிறது. இதற்குச் செம்பு டேப் உதவும். பேஸின் உள்குழி முழுக்க ஒட்டி, துண்டுக்குத் துண்டு தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டரின் முதுகில் உள்ள எர்த்தோடு ஒரு வயரால் சேர்த்தேன். வண்டு பாதிக்கு மேல் அடங்கியது. ஆனால் செம்பு டேப் ஒட்டினால் எல்லா உறுமலும் போகும் என்று விற்பவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைச் செம்பு ஓரளவுக்காவது மட்டுப்படுத்த வேண்டுமானால் தகடு ஒன்பது மில்லிமீட்டர் கனம் வேண்டும். காகிதம் போன்ற டேப் அதற்கு ஜன்னல் மாதிரி.

வண்டின் மீதிப் பாதி மின்விசிறி ரெகுலேட்டரிலிருந்து வந்தது. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஒருவகை, கரண்ட் அலையை ஒவ்வொரு தடவையும் நடுவில் வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கும். அந்த வெட்டு ஒவ்வொன்றும் பிக்கப்பில் ஒரு ர் ஆகக் கேட்கும். இரண்டிலோ மூன்றிலோ வைத்தால் மோசம், ஐந்தில் வைத்தால் குறைவு. கப்பாசிட்டர் வைத்த படிப்படி ரெகுலேட்டரில் இந்த வெட்டு கிடையாது, மாற்றிவிட்டேன். ஏப்ரல் மாதத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்வது நியாயம் இல்லை.

இனி கம்ப்யூட்டரின் கீச்சு. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் அதில் பெரும்பகுதி போய்விட்டது. சார்ஜருக்குள் நொடிக்குப் பல்லாயிரம் முறை அணைந்து எரியும் சுவிட்ச் இருக்கிறது. அதிலும் இரண்டு பின் சார்ஜரில் இரைச்சல் வடிகட்டும் கப்பாசிட்டர் வழியாகத் துளி மின்சாரம் லேப்டாப்பின் உடம்புக்கு வந்து நிற்கும். உலோக லேப்டாப்பின் மேல் புறங்கையைத் தடவினால் சுள்ளென்று ஒரு நடுக்கம் தெரியுமே, அதுதான். ஒரு பாட்டுக்குப் பேஸ் வாசிக்க அரை மணி நேரம் போதும். பேட்டரியிலேயே முடித்துவிடலாம்.

ஆனால் பேட்டரியில் ஓட்டும்போது லேப்டாப், இன்டர்பேஸ், பேஸ் எதற்கும் எர்த்தே இல்லாமல் போய்விடும். அப்போது கீச்சு போனாலும் வண்டு திரும்ப எட்டிப் பார்த்தது. மாடிச் சாக்கெட்டின் எர்த்தைச் சரிசெய்த பிறகு (அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்), மூன்று பின் பிளக் உள்ள என் ஸ்பீக்கரை இன்டர்பேஸில் மாட்டியதும் அடங்கியது, ஏனென்றால் அதன் வழியாக எல்லாவற்றுக்கும் எர்த் கிடைத்துவிட்டது. உங்கள் கட்டம் எடுக்கச் சொன்ன அதே பின்தான் எங்கள் வீட்டில் சத்தத்தைக் குறைத்தது. எர்த் கிடைக்கட்டும் என்று யாரும் சாக்கெட்டின் எர்த் ஓட்டையில் தனி வயரைச் செருக வேண்டாம். கை தவறினால் பக்கத்து ஓட்டை லைன்.

மிச்சத்தை மகள் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். திரையின் வெளிச்சத்தைப் பாதியில் வைத்தால் ஒரு மெல்லிய முனகல். முழுசாக ஏற்றினால் இல்லை. பல திரைகள் விளக்கை வேகமாக அணைத்து எரித்துத்தான் மங்கலாக்குகின்றன, முழு வெளிச்சத்தில் அந்த வேலை இல்லை என்று விளக்கினாள். வைஃபையை அணைத்ததும் இடையிடையே வந்த சொடுக்குகள் போயின. செல்போனை அறைக்கு வெளியே வைத்தோம். பழைய 2ஜி போன்கள் அழைப்பு வருமுன் ஸ்பீக்கரில் டிட்டிட் டிட்டிட் என்று அடித்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அது நொடிக்கு 217 துடிப்பு. பேஸ் வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தும் போகாத அந்தப் பாதிக் கீச்சு யூ.எஸ்.பி. கேபிள் வழியாக வந்தது. யூ.எஸ்.பி. ஒரு மில்லி நொடிக்கு ஒரு தடவை தாளம் போடுகிறது. அது 1,000 ஹெர்ட்ஸ், காதுக்கு நன்றாகவே கேட்கும். லேப்டாப்பில் மௌஸும் ஹார்டு டிஸ்கும் மாட்டாத பக்கத்துத் துளைக்கு இன்டர்பேஸை மாற்றினோம், குறைந்தது. யூ.எஸ்.பி. கேபிளின் நடுவில் மாட்டி, இரண்டு பக்கத்துக்கும் மின்தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் என்று ஒன்று விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் வேகத்தைப் பார்த்து வாங்குங்கள். மலிவானவை பல நொடிக்கு 12 மெகாபிட்டோடு நின்றுவிடும், இன்டர்பேஸ் பலவற்றுக்கு 480 வேண்டும். சார்ஜர் வயரில் இருக்கிற கறுப்புக் குண்டு மாதிரித் தனியாகவும் கிடைக்கிறது. அது ரேடியோ அலைவரிசை இரைச்சலுக்கு. 50 ஹெர்ட்ஸ் உறுமலை அது ஒன்றும் செய்யாது.

நல்ல கம்பெனி சார்ஜர், முத்திரை எல்லாம் இருக்கிறது, அது எப்படி இரைச்சல் போடும் என்று சிலர் கேட்பார்கள். நானும் மகளிடம் கேட்டேன். கம்ப்யூட்டர் சாமான்களின் மின் இரைச்சலுக்கு சிஸ்பிர் 32 என்று ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கிறதாம். அது வயர் வழியே போகும் இரைச்சலை 150 கிலோஹெர்ட்ஸிலிருந்துதான் அளக்க ஆரம்பிக்கிறது, காற்றில் போவதை 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து. ரேடியோவும் டிவியும் கெடாமல் இருக்கப் போட்ட விதி அது. நம் காது கேட்பது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை. பிக்கப்பை மனதில் வைத்து யாரும் அந்த எல்லையைப் போடவில்லை. ஆகவே எல்லாச் சோதனையிலும் தேறிய சார்ஜர்கூட நம் காயிலில் கத்தலாம். அதில் ஏமாற்று இல்லை. நாம்தான் தள்ளி உட்கார வேண்டும்.

ஜாஸ் பேஸ் மாதிரி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அதில் இரண்டு பிக்கப்பும் எதிர் எதிராகச் சுற்றி, காந்தமும் எதிராக வைத்திருப்பார்கள். இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்து சமமாக வைத்தால் ஸ்ட்ரிங் ஓசை கூடும், உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால்கூட உறுமல் திரும்ப வந்துவிடும். இருபது வருடம் வாசித்தவர்களில்கூடச் சிலருக்கு இது தெரியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிரிசிஷன் பேஸ் என்ற இன்னொரு மாடலில் 1957இலேயே பிக்கப்பை இரண்டாகப் பிரித்து இதே வேலையைச் செய்துவிட்டார்கள். கிட்டாரில் கிப்சன் கம்பெனியின் செத் லவர் 1955இல் செய்தார். எதிர்ச் சுற்று சுற்றி இரைச்சலை இரைச்சலாலேயே அழிப்பது. முப்பது வருடமாகக் காயில் சுற்றும் எனக்கு இன்னும் அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

கட்டுரையில், சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒலியை மூடிவிடும் நாய்ஸ் கேட் பற்றியும் இருந்தது. அது ஸ்வரத்துக்கு ஸ்வரம் நடுவில் வரும் மௌனத்தை மட்டும் சுத்தம் செய்யும். ஸ்வரத்துக்கு அடியில் இருக்கும் உறுமலை அது தொடாது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரெஸரைப் பேஸுக்குப் போடாமல் யாரும் விடுவதில்லை; ஸ்வரம் தேயும்போது கம்ப்ரெஸர் உறுமலையும் சேர்த்துத் தூக்கிவிடும். கடைசியில் மிச்சம் இருப்பதற்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எர்த் வளையத்தால் உறுமல் வந்தால், லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். இன்டர்பேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் பேலன்ஸ்டு கேபிள் (சிக்னலை இரண்டு வயரில் எதிரெதிராகக் கொண்டுபோய் இரைச்சலைக் கழிப்பது) போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், டிரான்ஸ்பார்மர் வழியாகச் சிக்னலை மட்டும் கடத்தும் டி.ஐ. பாக்ஸ் என்ற பெட்டி இருக்கிறது. அதில் கிரவுண்ட் லிப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆடியோ கேபிளின் உறையை மட்டும்தான் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. வளையத்தை அறுக்க வேண்டிய இடம் அதுதான், பிளக் இல்லை.

எங்கள் மாடி அறையில் கடைசியாகத் தெரிந்த விஷயம்தான் எனக்கு ரொம்ப வருத்தம். சாக்கெட்டைக் கழற்றினேன். மூன்று ஓட்டை இருக்கிறது. மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. வீடு கட்டியபோது கீழ்தளத்தோடு எர்த் வயரை நிறுத்திவிட்டார்கள். மகள் அந்த அறையில்தான் நான்கு வருடம் படித்தாள். பச்சை வயரைப் புதிதாக இழுத்து, வீட்டுக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்த எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு மூடி, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொன்னேன். இப்போது கோடைக்காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு ஊற்றுகிறேன். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடியாகவும் செய்திருப்பது, மாட்டும்போது அது முதலில் தொட்டு, கழற்றும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. அவ்வளவு யோசித்து ஒருவர் செய்த பின் அது.

உங்கள் நாளிதழை எங்கள் வீட்டில் என் அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம். அந்தக் கட்டுரையை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேள்விப்பட்டதை நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். எங்கள் சர்ச்சில் கிட்டார் கற்றுக்கொள்ளும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வெட்டி வைத்திருந்தான். போன வியாழக்கிழமை அவன் வீட்டுக்கே போய் ஸ்பீக்கர் பிளக்கைப் பார்த்துவிட்டு வந்தேன். பின் இருந்தது. எல்லார் வீட்டுக்கும் என்னால் போக முடியாது. வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில், எர்த் பின்னை எடுக்கக் கூடாது என்று போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கணபதி, கோயம்புத்தூர்.